ஒரு சிட்டிகை இரும்பு

தராசு ரிப்பேர் கடைக்காரர் பெற்ற பிள்ளையை, எடை கூடிவிட்டது போ என்று வாசலோடு திருப்பி அனுப்பினால் ஊர் சும்மா இருக்குமா? இருக்கவில்லை. போன வருஷம் தேர்வுப் போட்டிக்குப் போன தம்பி, குத்துச்சண்டை மேடையைக் கண்ணால்கூடப் பார்க்காமல் திரும்பி வந்தான். எடை பார்க்கிற அறையிலேயே அவன் கதை முடிந்துவிட்டது. ஒரு டம்ளர் பால் அளவுக்குத்தான் கூடுதல். அந்தப் பாலைக் கொடுத்தவள் அவனுடைய அக்கா. இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடாமல் முகம் வாடி உட்கார்ந்திருந்தவனைப் பார்க்கப் பொறுக்காமல், இது என்ன செய்துவிடப்போகிறது என்று டம்ளரைக் கையில் திணித்தாள். அவனும் மடக் மடக்கென்று குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு கடைக்கு வந்தவர்கள் வாய் ஓயவில்லை. உங்க வீட்டு ஆளையே நிறுக்கத் தெரியலை, என் மீனை நிறுக்கிற தராசையா சரிபண்ணித் தரப்போறீங்க என்று மீன்காரம்மா சிரித்தாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அப்பாவுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. டீக்கடைப் பக்கமே போகாமல் கொஞ்ச நாள் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். மனிதருக்குத் தராசு என்றால் உயிர். கல்லில் கடுகளவு குறைத்துக் கொடுங்கள் என்று எவனாவது காதோடு வந்து கேட்டால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார். கேட்டவன் தானாகவே படி இறங்கிவிடுவான்.

இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது, நுணுக்க வேலை முடியவில்லை. அதனால் கடையை அக்காதான் பார்க்கிறாள். தெருவே அவளைத் தராசக்கா என்றுதான் கூப்பிடும். காலையில் கடையைத் திறந்ததும் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் துருப்பிடித்த உறுப்புகளை ஊறப்போடுவாள். மளிகைக்கடைத் தராசு ஒன்று, இறைச்சிக்கடைத் தராசு ஒன்று, பழைய இரும்புக்காரனுடைய பெரிய தராசு ஒன்று என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். எலெக்ட்ரானிக் தராசும் பார்ப்பாள்; அதில் பாதி, உள்ளே புகுந்த எறும்பை ஊதித் தள்ளுகிற வேலைதான். மத்தியானத்தில் தகரக்கூரை கொதிக்கும். ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு அரம் பிடிப்பாள். அவள் புருஷன் நகரப் பேருந்து டிரைவர். கடை வாசலைக் கடக்கும்போதெல்லாம் ஹாரனை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவான். அதற்குப் பெயர் குசலம் விசாரிப்பதாம்.

கடையின் மூலையில் ஒரு மேடைத் தராசு உண்டு. அரிசி மூட்டை நிறுப்பதற்காக யாரோ செய்யச் சொல்லி, பிறகு வாங்க வராமலே போனது. தம்பி சின்னப் பையனாக இருந்த காலத்திலிருந்து அதில்தான் எடை பார்க்கிறான். மேடையில் ஆள் ஏறி நின்றதும், தண்டின் நுனியில் வட்டமான இரும்புக் கல் ஒன்றைத் தொங்கவிட வேண்டும். மிச்சத்தைத் தண்டின்மேல் ஓடுகிற சின்னக் குண்டைத் தள்ளிப் பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தொங்குகிற கல் பொல்லாதது. அதில் ஒரு சிட்டிகை இரும்பு குறைந்தால் போதும், மேடையில் நிற்பவன் ஒரு கை அரிசி அளவு கூடுதலாகத் தெரிவான். தெருவில் யாருக்கும் இது தெரியாது. அக்காவுக்குத் தெரியும்.

பால் கொடுத்த சங்கதிக்குப் பிறகு அவளுக்குத் தன் கைமேலேயே நம்பிக்கை போய்விட்டது. அவன் பசியோடு வந்து நின்றால் இல்லை என்று சொல்ல அவளால் முடியாது. அம்மா போனதிலிருந்து அவனுக்குச் சோறு போட்ட கை. அந்தக் கை மறுபடியும் எதையாவது எடுத்து நீட்டும். அவன் மறுபடியும் வாசலோடு திரும்பி வருவான். அதனால் இல்லை என்பதைத் தராசே சொல்லட்டும் என்று நினைத்தாள். ஒருநாள் கடையில் ஆள் இல்லாத நேரம், கல்லைக் கழற்றி அடிப்பக்கத்தில் மெல்ல அரம் போட்டாள். கொஞ்சமாகத்தான். ஒரு டம்ளர் பாலுக்கு இடம் விட்டுவைக்கிறேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நடந்தது என்ன? தராசு கூடுதலாகக் காட்டக் காட்ட, அவன் இருந்த சாப்பாட்டையும் குறைத்தான். எந்த டம்ளருக்காக இடம் விட்டாளோ அந்த டம்ளரை அவன் தொடவே இல்லை.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. பயம் என்று ஒன்று வந்துவிட்டால் அது போதும் என்று சொல்லுமா? ஊர்ப் போட்டிகளில் எடைக்குள் நின்றால் சரி என்று விட்டுவிடுவார்கள், எவ்வளவு குறைவு என்று யாரும் சொல்வதில்லை. ஆனாலும் ஒவ்வொரு போட்டிக்கு முன்னாலும் விட்ட இடம் போதுமா, போதாதா என்று யோசிப்பாள். கை தானாக அரத்தைத் தேடும். ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் அன்றைக்குத் தூக்கம் வரும். அப்படி எத்தனை இழுப்பு ஆயிற்று என்று அவளுக்கே தெரியாது.

இந்த வருஷம் பல நாட்டு விளையாட்டுப் போட்டிகள் அவர்கள் ஊரிலேயே நடந்தன. ஓட்டம், நீச்சல், மல்யுத்தம் என்று ஊர் முழுக்கக் கொடிகள். தம்பிக்கு லைட் ஹெவிவெயிட் பிரிவில் இடம் கிடைத்தது. எண்பத்தொரு கிலோவுக்கு ஒரு குன்றிமணி கூடக்கூடாது. லைட்டுங்கிறீங்க, ஹெவிங்கிறீங்க, ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்கப்பா என்று டிரைவர் மச்சினனைக் கிண்டல் செய்தான். வீடு உள்ளூரிலேயே இருந்ததால் பயிற்சியாளரும் அவனை வீட்டிலேயே தங்க அனுமதித்தார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். மாஸ்டருடைய கூடத்தில் இருந்த தராசு நாளுக்கு ஒரு எடை காட்டுவது. அதை அப்பாவே இரண்டு தடவை திட்டிக்கொண்டே சரிசெய்து கொடுத்திருக்கிறார். அதனால் மாஸ்டரும் உங்க வீட்டுத் தராசு சொன்னா சரிடா என்று விட்டுவிட்டார்.

சண்டை இருக்கிற நாளெல்லாம் காலையில் எடை பார்ப்பார்கள்; முதல் நாள் காலையிலும் போட்டி நடக்கிற இடத்தில் எடை பார்த்தார்கள். வீட்டில் கணக்காக நின்ற தம்பி, அங்கே நன்றாகக் குறைந்து நின்றான். மாஸ்டருக்கு ஆச்சரியம். இடம் இருக்கே, போய் ஏதாவது குடிடா என்றார். வேறு யாராவது இருந்தால் குதித்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். இவன் தராசுக் கடைப் பிள்ளை ஆயிற்றே. அவங்க தராசு குறைவாக் காட்டுது மாஸ்டர், யாராவது புகார் பண்ணி நாளைக்கு அதைச் சரிபண்ணிட்டா நான் வெளியே நிப்பேன் என்று சொல்லிவிட்டான். மாஸ்டரும் தலையை ஆட்டினார். அந்த வீட்டாருடைய தராசு தப்பாக இருக்கும் என்று நினைக்க அவருக்குத் தோன்றவில்லை. தோன்றினாலும் அப்பாவிடம் போய் யார் சொல்வது?

அக்காவுக்கு மட்டும் உண்மை புரிந்தது. எவ்வளவுடா குறைவாக் காட்டுச்சு என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டாள். முக்கால் கிலோவுக்கு மேலே என்றான். அவள் கால் கிலோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த திருப்புளி கீழே விழுந்தது. சொல்லிவிட வேண்டும் என்று அப்போதே வாய் வரை வந்தது. போட்டி முடியட்டும், நடுவில் சொன்னால் மனசு கலைந்துவிடுவான் என்று விழுங்கிக்கொண்டாள்.

அந்த முக்கால் கிலோ சாதாரண முக்கால் கிலோ இல்லை. உடம்பில் இருக்கிற கொழுப்பெல்லாம் போன பிறகு மிஞ்சுகிற தண்ணீர். அதைப் பிழிந்து எடுக்க அவன் வெயிலில் இரண்டு மூன்று சட்டையை மாட்டிக்கொண்டு கயிறு தாண்டினான். வாயைக் கொப்பளித்துத் துப்புவானே தவிர ஒரு சொட்டை உள்ளே விடமாட்டான். அவன் இருக்கிற நேரத்தில் வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. டிரைவர் வெளியே தின்றுவிட்டு, வாயை நன்றாகக் கழுவிக்கொண்டு வருவான். அக்கா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, திருடித் தின்பவளைப்போல நின்றுகொண்டே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள்.

முதல் சண்டையில் ஜெயித்தான். காலிறுதியிலும் ஜெயித்தான், ஆனால் எப்படி ஜெயித்தான் என்று கேட்கக்கூடாது. மூன்றாவது ரவுண்டில் அவன் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. முதல் இரண்டு ரவுண்டில் வாங்கி வைத்த புள்ளிகளை வைத்துக்கொண்டு, கயிற்றில் சாய்ந்து, எதிராளியைக் கட்டிப்பிடித்து எப்படியோ மணி அடிக்கிற வரைக்கும் ஒப்பேற்றினான். குத்துச்சண்டையில் அரையிறுதிக்கு வந்துவிட்டால் தோற்றாலும் வெண்கலம் உண்டு. தெருவே கொண்டாடியது. மீன்காரம்மா வந்து அவன் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். அவன் மட்டும் யாரையும் பார்க்காமல் சுவரோரம் பாயை விரித்துப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் ஓய்வு நாள். காலையில் அக்கா கடையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது அவன் பாயில் படுத்தபடியே பேசினான். உதடு வெடித்திருந்தது.

"அக்கா, இதோட போதும்னு நெனைக்கிறேன். மாஸ்டர்கிட்ட இன்னும் சொல்லல."

"எது போதும்?"

"குத்துச்சண்டைதான். எனக்கு உடம்பு முடிஞ்சுபோச்சுக்கா. மூணாவது ரவுண்டுல கையைத் தூக்கணும்னு நெனைக்கிறேன், கை வர மாட்டேங்குது. இருபத்தாறு வயசுதான் ஆகுது. சில பேருக்குச் சீக்கிரமே முடிஞ்சுடும்போல."

அவள் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லு, சொல்லு என்று உள்ளே அடித்துக்கொண்டது. அதற்குள் உள்ளேயிருந்து அப்பா வெளியே வந்தார். வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, தலை சீவி, கையில் கனமான துணிப்பையோடு நின்றார். பைக்குள் சோதனைக் கற்கள். நல்ல தராசா கெட்ட தராசா என்று பார்ப்பதற்காக மட்டும் எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருப்பவை. சாதாரணமாக வெளியே எடுக்க மாட்டார்.

தம்பி எடை பார்த்த கதையைச் சொன்னதிலிருந்து மனசு கேட்கவில்லையாம், போட்டி நடத்துகிறவர்களைப் பார்க்கப் போகிறாராம். இத்தனை நாட்டுக்காரன் வந்து நிற்கிற இடத்தில் முக்கால் கிலோ தப்பாகக் காட்டுகிற தராசை வைத்திருக்கிறார்களே, நாளைக்கு வெளியே தெரிந்தால் ஊர் மானம் என்ன ஆவது என்று கேட்டார். இந்தக் கற்களை வைத்து அவர்கள் கண் முன்னாலேயே நிறுத்துக் காட்டிவிட்டு வருவாராம். மகன் ஜெயித்த பிறகு எவனும் வந்து தராசு தப்பு, ஜெயித்ததும் தப்பு என்று சொல்லிவிடக்கூடாதாம். அக்கா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். வெயில் என்றாள், கை நடுங்குது என்றாள். மனிதர் கேட்டால்தானே. அந்த நேரம் பார்த்துப் புருஷனுடைய பேருந்தும் வந்து சேர்ந்தது. மாமனார் கையில் பையைப் பார்த்ததும் வாங்க மாமா, கல்லுக்குத் தனி டிக்கெட் வாங்கிடாதீங்க என்று முன்கதவைத் திறந்துவிட்டான். அக்கா கடையைப் பாதி சாத்திவிட்டு, துடைப்பம் பிடித்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓடிப்போய் ஏறினாள்.

பேருந்தில் பெரிய கூட்டம் இல்லை. அப்பா முன்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளையைப்போல நேராக உட்கார்ந்திருந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு முகத்தில் களை வந்திருந்தது. மார்க்கெட் தாண்டியது, ஆஸ்பத்திரி தாண்டியது. விளையாட்டு அரங்கம் இன்னும் கொஞ்ச தூரம்தான். அங்கே போய் இவர் கற்களை எடுத்து வைப்பார். அவர்களுடைய தராசு முள் அசையாமல் சரியாக நிற்கும். எல்லோரும் இவரைப் பார்ப்பார்கள். அதை நினைத்ததும் அவளால் அதற்குமேல் உட்கார முடியவில்லை.

"அப்பா, அவங்க தராசு சரியாத்தான் இருக்கு. போக வேணாம்."

"நீ போய்ப் பாத்தியா?"

"நம்மளுதுதான் தப்பு."

அவர் சிரித்தார். "நான் சரிபாத்து வச்ச தராசும்மா அது."

"கல்லுல நான் அரம் போட்டிருக்கேன்பா. அடிப்பக்கம். அவன் மறுபடியும் எடை கூடி நின்னுடக் கூடாதுன்னு."

என்ஜின் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ என்று அவளுக்குச் சந்தேகம். அவர் முகம் திரும்பவில்லை. அரங்கம் வந்தது. டிரைவர் வண்டியை நிறுத்தி, வந்தாச்சு மாமா, மெல்ல இறங்குங்க என்று குரல் கொடுத்தான். அப்பா எழுந்திருக்கவில்லை. கொடிகளும் கூட்டமுமாக வாசல் பக்கத்திலேயே இருந்தது, பார்க்கக்கூட இல்லை.

"வண்டியை எடுங்க மாப்பிள்ளை" என்றார்.

டிரைவர் கண்ணாடியில் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு கியரைப் போட்டான். கடைசி நிறுத்தம் வந்தது. எல்லோரும் இறங்கிப் போன பிறகு, காலி வண்டியில் அப்பா கேட்டார்.

"எவ்வளவு எடுத்தே?"

"தெரியலைப்பா."

"தெரியலையா?"

"பயம் வரும்போதெல்லாம் ஒரு இழுப்பு இழுப்பேன். எத்தனைன்னு நினைவில்ல."

அதுதான் அவரை அடித்தது. அரம் போட்டேன் என்றபோதுகூட அசையாமல் இருந்தவர், நினைவில்லை என்றதும் கையால் முகத்தை மூடிக்கொண்டார். "எடை போடுறவ தெரியலைன்னு சொல்லலாமா?" என்று விரல்களுக்குள்ளிருந்தே கேட்டார். பிறகு சொன்னார்: "கல்லைக் குறைக்கச் சொன்னவனை நான் படி ஏறவிட்டதில்ல. இப்ப யாரைம்மா வெளியே போகச் சொல்லட்டும்? உன்னையா?"

அவள் அழுதாள். டிரைவர் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டிவிட்டு, வெளியே இறங்கிப் போய் டயரைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டான். விஷயம் என்ன என்று அவன் கேட்கவே இல்லை. வாய் ஓயாமல் கிண்டல் பேசுகிற மனுஷனுக்கு எப்போது பேசக்கூடாது என்பதும் தெரியும். அப்பா மூக்கைச் சிந்திக்கொண்டு, தம்பியிடம் நீதான் சொல்லவேண்டும், நான் சொல்லமாட்டேன் என்றார். அதே வண்டியில் திரும்பினார்கள்.

தம்பி அதே பாயில் கிடந்தான். மார்மேல் ஈரத்துணி. அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள். பாலில் ஆரம்பித்து அரத்தில் முடித்தாள். அப்பா அதற்குள் கல்லைக் கழற்றி, அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். தடவத் தடவ அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

தம்பி எழுந்து உட்கார்ந்தான். திட்டுவான், எதையாவது தூக்கி எறிவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அப்படிச் செய்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவன் ஒன்றும் செய்யவில்லை. நேராகத் தண்ணீர்ப் பானையிடம் போனான். ஒரு டம்ளர் மொண்டு நின்றபடியே குடித்தான். கொஞ்சம் நின்றான். இன்னொரு டம்ளர் குடித்தான். தொண்டை ஏறி இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, பையைத் தூக்கித் தோளில் போட்டான்.

"சாப்பிட்டுப் போடா" என்றாள்.

"மாஸ்டர் வீட்டுல பாத்துக்கறேன்" என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான்.

அன்றைக்கு அவன் வீட்டுக்கு வரவில்லை. டிரைவர்தான் சாயங்காலம் தகவல் கொண்டுவந்தான். மாஸ்டர் முதலில் தலையில் அடித்துக்கொண்டாராம், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாராம், பிறகு அளந்து அளந்து சோறும் முட்டையும் போட்டு அவனைத் தூங்க வைத்துவிட்டாராம். மறுநாள் காலையில் எடை சரியாக நின்றது என்றும் டிரைவர்தான் வந்து சொன்னான். என்னைப்பற்றி ஏதாவது கேட்டானா என்று அவள் கேட்கவில்லை; அவனும் சொல்லவில்லை. அவள் மளிகைக்கடைத் தராசு ஒன்றைப் பிரித்துப்போட்டு, எந்த உறுப்பு எங்கே போகும் என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தாள். அரையிறுதி பார்க்க நான் வரவில்லை, என் முகத்தைப் பார்த்தால் அவனுக்கு ஆத்திரம்தான் வரும் என்றாள். அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். தோற்றாலும் ஜெயித்தாலும் நீ பார்த்துத்தான் ஆகவேண்டும், கிளம்பு என்று அதட்டினார். பேருந்துக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அரங்கத்துக்குள் குளிரூட்டி ஓடினாலும் கூட்டத்தின் வெக்கை தாங்கவில்லை. தம்பி சிவப்பு மூலை. எதிரே நீல மூலையில் வேறு நாட்டுக்காரன் ஒருவன். இடது கைப்பழக்கம், நீளமான கை, அவசரமே படாத ஆள். அக்காவுக்குக் குத்துச்சண்டையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அவள் தம்பியின் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் ரவுண்டில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். இரண்டாவதில் தம்பியின் வலது கை இரண்டு தடவை நன்றாக இறங்கியது. டிரைவர் எழுந்து நின்று கத்தியதில் பின்னாலிருந்தவர்கள் அவனை இழுத்து உட்காரவைத்தார்கள். நீலமூலைக்காரன் அலட்டிக்கொள்ளவில்லை. ஒரு அடி வாங்கினால் ஒரு அடி பின்னால் போய், அடுத்த நிமிஷம் வேறு பக்கத்திலிருந்து இரண்டு கொடுத்தான். மூன்றாவது ரவுண்டுக்கு மணி அடித்தபோது அக்கா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த ரவுண்டில்தான் கால் ஒட்டும்.

ஒட்டவில்லை. தம்பியின் கால் நகர்ந்தது. உள்ளே போனது, வெளியே வந்தது, பக்கவாட்டில் போனது. புருவத்துக்குமேல் அடி வாங்கினான், திருப்பிக் கொடுத்தான், மறுபடி வாங்கினான். ஒரு தடவைகூடக் கட்டிப்பிடிக்கவில்லை. கடைசி மணி அடிக்கும்போது இரண்டு பேரும் நடு மேடையில் நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் மொத்தமும் எழுந்து கை தட்டியது. நடுவர் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். புள்ளி போடுகிற ஐந்து பேரில் மூன்று பேர் நீலத்துக்குச் சொன்னார்கள். நீலத்தின் கை மேலே போனது.

அக்காவுக்குக் காது அடைத்துவிட்டது. ஒரு வருஷம் நான் அவனைப் பட்டினி போட்டது இதற்குத்தான் என்று நினைத்தாள். ஒரு ஓட்டு. ஒரே ஒரு ஓட்டு. அந்த ஓட்டை நான்தான் அரத்தால் தேய்த்துத் தள்ளிவிட்டேன். அப்பா அவள் கையை விடுவித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

வெளியே பக்கவாசலில் அவர்கள் காத்திருந்தார்கள். டாக்டர் பார்த்து, புருவத்தில் பிளாஸ்திரி போட்டு, அவன் வெளியே வர நேரமாயிற்று. அப்பா அவன் தோளை இரண்டு தட்டுத் தட்டினார். அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு வேண்டுமென்றே முன்னால் நடந்தார். அக்காவும் தம்பியும் மிஞ்சினார்கள். அவன் எதிர்ச்சாரியில் இருந்த சாப்பாட்டுக் கடையைப் பார்த்தான்.

"பசிக்குதுக்கா" என்றான்.

பிளாஸ்டிக் மேசையில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். ரொட்டியும் அவித்த முட்டையும் சூப்பும் வந்தன. அவன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். இரண்டு ரொட்டி போன பிறகுதான் பேச்சு வந்தது.

"மூணாவது ரவுண்டுல கால் நின்னுச்சே, பாத்தியா?"

"பாத்தேன்டா."

"இத்தனை நாளும் அடி வாங்கினா, தெம்பில்ல அதான்னு சொல்லிக்குவேன். இன்னிக்கு எல்லாம் இருந்துச்சு. தண்ணி இருந்துச்சு, தூக்கம் இருந்துச்சு. அவன் என்னைவிட நல்லா ஆடுறான்கா. அவ்வளவுதான்." சூப்பை உறிஞ்சினான். "நான் விடப்போறதில்ல. மாஸ்டர்கிட்டச் சொல்லிட்டேன். ஒரு பிரிவு மேல போறேன். அங்க போனா வயிறாரச் சாப்பிடலாம்."

அவளுக்குக் கண் நிறைந்தது. இதைக் கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டுவிட்டாள்.

"என்மேல கோவமாடா?"

"இருக்கு."

மென்றுகொண்டே சொன்னான்.

"பட்டினி போட்டதுக்கு இல்லக்கா. அதை விடு. எனக்கு வயசாயிடுச்சு, முடிஞ்சுபோச்சுன்னு ஒரு வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன். தினம் படுத்தா அதே நினைப்பு. யார்கிட்டயும் சொல்லல. அதை எப்படி மன்னிக்கிறதுன்னு எனக்குத் தெரியல."

அவள் தட்டில் முட்டை அப்படியே கிடந்தது. அவன் அதைப் பார்த்தான்.

"நீ திங்கலையா?"

அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவன் கையை நீட்டி முட்டையை எடுத்து, உப்பைத் தொட்டு வாயில் போட்டுக்கொண்டான். வாய் நிறைய வைத்துக்கொண்டே, இன்னும் ரெண்டு ரொட்டி சொல்லுக்கா என்றான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழுந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.